பின்வாசல் வழிகாட்டி

வழிகாட்டித் தேர்வில் நான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். விஷயம் தெரியாமல் இல்லை. என் வாய்தான் காரணம். "இந்த அரண்மனையில பேய் இருக்கா?" என்று கேட்டவரிடம், "நேத்து வரைக்கும் இல்லைங்க, இன்னிக்குத்தான் வந்திருக்கு" என்று சொன்னால் யார் மதிப்பெண் போடுவார்கள்? மூன்றாவது முறையும் தோற்றால் அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை இப்போதுபோலவே நுழைவுச்சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான்.

அதனால் மூன்று மாதம் மாங்கு மாங்கென்று படித்தேன். தினமும் காலையில் வேலைக்கு வரும் வழியிலேயே, அரண்மனையில் ஒவ்வோர் இடமாக நின்று, அங்கே சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்றே தோட்டக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

தேர்வு நாளன்று முன்வாசலில் பன்னிரண்டு பார்வையாளர்கள், பேனாவோடு ஓர் அதிகாரியம்மா. வேடிக்கை பார்க்க என் நாத்தனார் வேறு. "வணக்கம்" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. என் வீடு அரண்மனைக்குப் பின்பக்கம். தினமும் நான் நுழைந்தது பின்வாசல் வழியாக. முதலில் அரசரின் கல்லறை, பிறகு தோட்டம், பிறகு மண்டபம், கடைசியில் முன்வாசலை ஒட்டி அவர் பிறந்த அறை. முழுக் கதையையும் தலைகீழாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்!

"எல்லாரும் என் பின்னாடி வாங்க. எதையும் பாக்காதீங்க!" என்று விறுவிறுவென்று நடந்தேன்.

"என்ன அண்ணி, பாக்கத்தானே வந்திருக்காங்க?" என்று நாத்தனார் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு வா."

கல்லறை முன் நின்றதும் பேச்சு மடை திறந்தது. எழுபத்தெட்டு வயதில் அரசரைச் சாகடித்துத் தொடங்கினேன். தோட்டத்தில் அவர் கண் மங்கிய கிழவர். வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்க, பாதைக்கொரு பூச்செடி நட்டார். மண்டபத்தில் முடி சூடினார். படிக்கட்டில் பதினோரு வயதுப் பையன். கைப்பிடிச் சுவரில் சறுக்கிப் பல்லை உடைத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. எனக்கே குஷியாகிவிட்டது.

கடைசியாக அந்தச் சின்ன அறை. "இங்கதான் பொறந்தாரு. ரொம்ப நேரம் அழவே இல்லையாம். எல்லாரும் பயந்து போயிட்டாங்க. அப்புறம் அழுதாரு."

கூட்டத்தில் ஒருவர், தன் தோளில் தூங்கிய குழந்தையின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அதிகாரியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்த வரிசையை யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்லைங்க. வீடு பின்பக்கம்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் தாளில் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இருபத்தாறு வருஷம் நானும் இங்க வழிகாட்டியா இருந்தவதாம்மா. தினம் சாயங்காலம் அந்த மனுஷனைப் பொதைச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இன்னிக்குத்தான் பொறந்த சேதியோட போறேன்."