கம்பெனி ஆள்

எனக்கு முகதாட்சண்யம் அதிகம். எங்கள் வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவர் அடுத்த மாதம் காலி செய்கிறேன் என்று மூன்று வருடம் சொன்னார். நானும் மூன்று வருடம் தலையாட்டினேன். பொறுக்க முடியாமல்தான் என் மனைவி ஒரு வக்கீலைப் பிடித்து, அந்த வீட்டை ஒரு லிமிடெட் கம்பெனி பேருக்கு மாற்றினாள். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டாலும் கம்பெனியோடு நின்றுவிடும், நீங்கள் குடியிருக்கும் வீட்டைத் தொட முடியாது என்றார் வக்கீல். இயக்குநர்கள் அவளும் நானும். குடிவருபவர்களிடம் மட்டும் நான் வெறும் கம்பெனி ஆள். எதைக் கேட்டாலும் "கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க, போதும்" என்று பாடம் நடத்தினாள்.

அதில் என்ன சுகம் தெரியுமா! சுவரில் அலமாரி அடிக்கலாமா என்று குடிவந்த தையல்காரப் பெண் கேட்டாள். கம்பெனி கூடாது என்கிறது என்றேன். அவளோடு சேர்ந்து கம்பெனியைத் திட்டவும் செய்தேன், வெட்கங்கெட்டவன். போகும்போதெல்லாம் அண்ணா, அண்ணா என்று டீ போட்டுக் கொடுப்பாள்.

போன மாதம் அவள் கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டான். இனி சக்கர நாற்காலிதான். வாசலில் மூன்று படிகள். ஒரு பக்கம் சிமெண்டுச் சரிவு போட்டுக்கொள்கிறோம், செலவு எங்களுடையது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாள். சரிவில் எவனாவது சறுக்கினால் யார் பதில் சொல்வது என்றாள் மனைவி. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்து அவளுடையது. டைப் அடித்ததும், கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். தையல்காரப் பெண் வாசலில் நின்றபடியே கடிதத்தைப் படித்தாள்.

"அண்ணா, அவங்க ஒரு தடவை நேர்ல வந்து பாத்தா போதும். நீங்க சொன்னா வருவாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னால் முடியவில்லை.

"வர்றதுக்கு யாரும் இல்லம்மா. வீடு என்னுதுதான். கம்பெனின்னா நானும் என் பொண்டாட்டியும்தான்."

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கே கொத்தனார கூட்டிட்டு வரேன்மா" என்றேன்.

"கம்பெனியில கேட்டுட்டுச் சொல்லுங்க, சார்" என்றாள்.

நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக முதல் படியில் ஏற்றினாள். முன்சக்கரத்தைப் பிடிக்கக் குனிந்தேன். அவன் என்னைப் பார்க்காமல், தன் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி, என் கை படாமல் உள்ளே நகர்த்திக்கொண்டான். அவள் மூச்சைப் பிடித்து இரண்டாம் படிக்கு இழுத்தாள்.