சட்டைக் கையில் கறுப்பு டேப்

அப்பாவின் இடது காலுக்கு வெள்ளை சாக்ஸை மாட்டிவிட்டு வலது காலைத் தூக்கியபோதுதான், தம்பி டெர்வின் வந்து ஜாக்குலினின் காதருகே குனிந்தான்.

"அக்கா, அந்த வெள்ளைக்காரன் வாசல்ல நிக்கான்."

"நிக்கட்டும்."

"ரோட்டுல போறவங்கல்லாம் பாக்காங்கக்கா. பூவளையம் வேற கையில வச்சிருக்கான்."

"போகச் சொல்லு. பாத் கதம், பேச்சு முடிஞ்சுது."

வீங்கிய பாதத்தில் சாக்ஸ் ஏற மாட்டேன் என்றது. ஜாக்குலின் அதோடு மல்லுக்கட்டினாள். தலைமாட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த லூசி அத்தை, செத்துப்போனவரின் தங்கை, ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஏட்டி, செத்த வீட்டுக்கு வந்தவன வெளிய நிறுத்தாத. இன்னைக்கு ஒரு நாளு பல்லக் கடிச்சிக்கோ."

போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கும் அந்த வீட்டில், வாசலில் நின்ற கோலினின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அந்தப் பாவி' என்றால் போதும். அப்பா அடைக்கலசாமி கப்பல் இன்ஜின் ரூம் வேலைக்குப் போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கியர் பாக்ஸ் பட்டறை ஒன்றில் ஒட்டிக்கொண்டவர். அங்கே பழக்கமான கோலினோடு சேர்ந்து, கம்பளிக் கிடங்கு ஒன்றின் பின்கட்டில் கார் பந்தய டீம் தொடங்கினார். ரெட்கம் ரேசிங் என்று பெயர். வெளியே பார்த்தால் ஆபீசர் வீட்டு வாசலில் நிற்கிற அதே நாலு கதவு கார்தான். உள்ளே சீட்டு முதல் மெத்தை வரை பிடுங்கி எறிந்துவிட்டு இரும்புக் கூண்டும் பேய்த்தனமான இன்ஜினும் வைத்திருப்பார்கள். சில வருஷம் அந்த டீமை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் மலைப்பாதையில் நாள் முழுக்க ஓடும் பெரிய பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இங்கே போர்ட் பிளேரில் அம்மா அன்னம்மாள் காய்ச்சலில் செத்துப்போனாள். அப்பா கொடுத்திருந்த எண்ணுக்கு ஜாக்குலின்தான் போன் செய்தாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா எடுக்கவில்லை, ஒரு கனத்த குரல் எடுத்தது. பள்ளிக்கூட இங்கிலீஷில் அம்மா செத்ததைச் சொன்னாள். இப்போதே அவரிடம் சொல்கிறேன் என்றது அந்தக் குரல். அம்மாவை ஐஸில் வைத்து இரண்டு நாள் காத்திருந்தார்கள். எந்த விமானத்திலும் அப்பா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்கள். அடுத்த வாரம் வந்த அப்பா வாசற்படியிலேயே விழுந்து அழுதார்.

"கோலின் எங்கிட்ட மறைச்சிட்டாம்மா. ரேஸ் முடிஞ்சு கப்பு வாங்குன பொறவுதான் சொன்னான்."

அன்று முதல் ஜாக்குலின் அந்தக் குரலை வெறுத்தாள். அரைகுறையாக இல்லை, முழு மனதோடு வெறுத்தாள். பிழைப்புக்காக அப்பா மறுபடி அவனோடே வேலைக்குப் போன வருஷங்களிலும் அது குறையவில்லை. போன வாரம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடப்பதைக் கேள்விப்பட்டு கோலின் கடல் தாண்டி வந்து ஊருக்குள் மின்னி பே பகுதியில் ரூம் எடுத்தபோது, அப்பா படுக்கையில் கிடந்தபடியே தலையை ஆட்டினார். "அவன உள்ள விடாத ஜாக்கிம்மா." வந்தபோதெல்லாம் வார்டு கதவிலேயே அவனைத் திருப்பி அனுப்பினாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

அத்தை சொன்னதற்காக இப்போது விட்டாள். கோலின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெயிலில் வெந்த முகம், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பெட்டியின் அருகே குனிந்து அப்பாவின் விரல்களைத் தொட்டு "சாம்" என்றார். அங்கே அப்பாவுக்கு அதுதான் பெயர். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்ததும் அதனருகே போனார். அவரை வெளியே கூட்டிப்போக ஜாக்குலினும் பின்னால் போனாள்.

சிவப்புக் கார், அதைச் சுற்றிலும் சிவப்புச் சட்டைக்காரர்கள், நடுவில் அப்பா. அம்மா செத்த பிறகு ஊருக்கு வந்த கையோடு அப்பாவே ஆணியடித்து மாட்டிய படம்.

"இதை வைத்திருக்கிறாரா!" என்றார் கோலின் இங்கிலீஷில். "அன்று காலை, பந்தயம் தொடங்கும் முன்னால் எடுத்தது. மூன்றாவது இடம்! பின்கட்டில் கிடந்த நாங்கள்! அதற்குப் பிறகுதான் ஸ்பான்சர் வந்தான். இரண்டாவது கார், பெரிய லாரி, ஊரெல்லாம் பேர். அப்புறம் ஜெயிப்பது நின்றது. ஸ்பான்சரும் போய்விட்டான். பந்தயத்தில் ஓடுகிற அனுமதியையே இன்னொரு டீமுக்கு விற்க வேண்டியதாகிவிட்டது. கடைசி நாள் ஷெட்டைப் பெருக்கிப் பூட்டியது நானும் சாமும்தான்."

"அந்த மூணாவது இடம் எங்கம்மா பொணத்து மேல வாங்கினது" என்று அவளும் இங்கிலீஷில் சொன்னாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தலையாட்டினார்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அம்மா. உன் போன் வந்தபோது அவர் காருக்கு அடியில் இருந்தார். நானும் பக்கத்தில் படுத்து அங்கேயே சொன்னேன். என் மனைவி டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். போ சாம், போ என்று கெஞ்சினேன். கியர் பாக்ஸில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். ஞாயிறு காலையில் பையன்கள் எல்லோரும் உன் அம்மாவுக்காகக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார்கள். இதோ பார். சாம் கையில் ஒட்டினது நான். இப்படி ஒரு மனுஷன் எந்த டீமுக்குக் கிடைப்பான்?"

ஜாக்குலின் படத்தைப் பார்த்தாள். எல்லோருடைய இடது கைச் சட்டையிலும் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. படம் வந்த புதிதில் அது என்னவென்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். யூனிபார்மே அப்படித்தான் என்றார். அதன் கீழே உட்கார்ந்துதான் அவள் பரீட்சைக்குப் படித்தாள், சோறு தின்றாள், அந்தப் பாவியைத் திட்டினாள்.

அவள் முகத்தில் எதையோ கண்டு கோலின் நிறுத்தினார். "அவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்றார் மெதுவாக.

ஆஸ்பத்திரியில் அப்பா தலையை ஆட்டியது கோபத்தில் என்று நினைத்தாளே, அது பயம். அவளைக் கதவில் காவல் நிறுத்திவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். இப்படி ஏமாற்றப்பட்டோமே என்று ஒரு பாட்டம் கத்தலாம் போலிருந்தது. யாரிடம் கத்துவது?

கையிலிருந்த போன் அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் மங்கள்.

"தீதி, மம்மி கா பத்தர் ஹடா தியா. கோதூன்?"

அம்மாவின் கல்லை எடுத்தாயிற்று, தோண்டட்டுமா என்கிறார். அப்பா கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அன்னம்மா குழியிலேயே என்னையும் வைத்துவிடுங்கள் என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஜாக்குலினும் கண்ணீரோடு சரி என்றிருந்தாள்.

"மத் கோதோ, தோண்டாதீங்க" என்றாள். "கல்லைத் திருப்பி வச்சிருங்க. நான் வாறேன்."

அத்தை எழுந்தே விட்டாள். "ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? அண்ணன் வாய்விட்டுக் கேட்டதுட்டி அது!"

"வேற குழி வெட்டச் சொல்லுதேன்."

"ஏன்க்கா? நேத்து நீதான சரின்ன?" என்றான் டெர்வின்.

ஏன் என்பது வாய் வரை வந்தது. டெர்வினின் அழுது வீங்கிய கண்களைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். "அம்மா அவருக்காக ரெண்டு நாளு ஐஸ்ல காத்துக் கெடந்தாங்க. அது போதும். இனிமே அவங்கள யாரும் எழுப்ப வேண்டாம்."

அத்தை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். கோலின் படத்தின் கீழே பூவளையத்தைப் பிடித்தபடி நின்றார். சண்டை தமிழில் நடந்தது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டதென்று அவர் தலையைக் குனிந்ததிலிருந்தே தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது கடைசி மூலையில், சுற்றுச்சுவரை ஒட்டி. மாலையில் சர்ச்சிலிருந்து வந்த சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டியை இறக்குகையில் ஒரு பக்கக் கயிற்றைப் பிடிக்க ஆள் குறைந்தது. ஜாக்குலின் திரும்பி, பின்னால் நின்ற கோலினைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் வந்து பிடித்தார். எல்லோரையும் போல அவளும் ஒரு பிடி மண் போட்டாள். அழுகை வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் போனாள். மங்கள் கல்லைத் திரும்ப வைத்திருந்தாலும் ஓரத்து மண் கிளறியபடியே கிடந்தது. முட்டி போட்டு, உள்ளங்கையால் அதை அழுத்தி அழுத்திச் சமப்படுத்தினாள். நகக்கண்ணெல்லாம் செம்மண் ஏறியது.

தோட்டத்தின் மூலையில் புது மண்மேட்டருகே கோலின் மட்டும் நின்றிருந்தார். சுவருக்கு அப்பால் மேட்டில் ஏறிய லாரி ஒன்று கரகரவென்று கியர் மாற்றியது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

ஜாக்குலின் கல்லின் மறுபக்கத்துக்குப் போய், அங்கேயும் மண்ணை அழுத்தத் தொடங்கினாள்.