அந்தோணி வராத கல்யாணம்

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்கு மைக் செட் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, ஆடித் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் சுற்று வட்டாரத்து ஜனங்கள் என்னிடம் வந்து தேதி சொல்லிவிட்டுப் போவார்கள். மைக் செட்டு, அதில் பாட்டுப் போட ஆள், ஆட்டம் வேண்டுமென்றால் ரெக்கார்டு டான்ஸ் கோஷ்டி, மூன்றையும் நானே பேசி முடித்துக் கொடுப்பேன். பழைய இசைத்தட்டு வாங்கி விற்பதும் உண்டு. வீட்டில் கிராமபோன் கெட்டுப் போனவர்கள், பெரியவர் செத்துப் போய் அவர் பெட்டியைக் காலி செய்கிறவர்கள் எல்லாம் கோணிப்பையில் கட்டிக் கொண்டு வருவார்கள். அதில் நல்லதாகப் பொறுக்கி எடுத்ததை வாங்க மெட்ராஸிலிருந்துகூட ஆள் வரும்.

ஆனால் கடைக்கு வருகிறவர்கள் என் பெயரைக் கேட்டு வரமாட்டார்கள். "அந்தோணி அன்னிக்கு காலியா இருக்கறாரா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் காதுகுத்தையே அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தோணிக்கு என் வயது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் காலனியில் பிறந்தவன். வேலூரில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அறுபத்தெட்டில் ஒரு கூட்டத்தில் என் ஆம்ப்ளிபயர் புகைந்துபோய் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கூட்டத்திலிருந்து எழுந்து வந்து கால் மணி நேரத்தில் சரி செய்தான். மறுநாளிலிருந்து என்னோடு இருந்தான்.

மற்ற செட்டுக்காரர்கள் ஒரு பாட்டு முடிந்ததும் தட்டை எடுத்து வேறு தட்டு வைப்பார்கள். நடுவில் ஒலிபெருக்கிக் குழாய் கரகரவென்று இரையும், பிள்ளைகள் கத்தும், ஆட எழுந்தவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தோணி இரண்டு பிளேயரை ஒரே ஆம்ப்ளிபயரில் சேர்த்து, நடுவில் தானே செய்த ஒரு சுவிட்சை வைத்தான். முதல் பாட்டின் கடைசி வரி தேய்ந்து போகும்போதே அடுத்த பாட்டின் மேளம் கேட்கும். எந்தப் பாட்டுக்கு எந்த ஊர் எழுந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தால் தானாகச் சத்தத்தைக் குறைப்பான்.

ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிற அம்சா அவன் இருந்தால்தான் தேதி ஒத்துக்கொள்வாள். ஒரு மாசி மாதத் திருவிழாவில் பாதிப் பாட்டில் அவள் சலங்கை அவிழ்ந்துவிட்டது. அவள் குனிந்து கட்டி முடிக்கிறவரை அந்தோணி ஊசியைத் தூக்கி இரண்டு வரி முன்னால் வைத்து வைத்துப் பாடவிட்டான். பாட்டே அப்படித்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். "அவரு கை என் காலைப் பாத்துக்கினே இருக்குதுபா" என்று அம்சா அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவன் என்னை வா, போ என்றுதான் பேசுவான். பழைய தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே என்னைத் திட்டுவான். நல்ல தட்டை நான் மெட்ராஸ்காரருக்கு விற்றுவிடுவேன் என்று பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைப்பான். யாராவது வந்தால் மட்டும் "சொல்லுங்க, வாங்க" என்று மாறிவிடுவான். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்த விஷயம்.

எழுபத்திரண்டு ஆவணியில் என் சித்தப்பா மகள் ரேணுகாம்பாளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் ஊர் மாகறலைத் தாண்டிச் செய்யாற்றங்கரையில் இருக்கிறது. அப்பா செத்தபோது எனக்கு ஆறு வயது. சித்தப்பா தணிகாசலம்தான் என்னை வளர்த்தார். ரேணுகா எனக்குக் கூடப்பிறந்த தங்கை மாதிரி. "அண்ணா, எனக்கு நகை நட்டு எதுவும் நீ செய்ய வேணாம். அந்தோணி அண்ணன் வந்து பாட்டு போடணும், அவ்ளோதான்" என்று சொல்லியிருந்தாள். அந்தோணி அவளுக்கென்று பதினெட்டுத் தட்டு பொறுக்கி, துணியால் துடைத்து, போடப்போகிற வரிசையில் தனியாக அடுக்கி வைத்திருந்தான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சித்தப்பா கடைக்கு வந்தார். அந்தோணி அப்போது ஒயர் வாங்கப் போயிருந்தான்.

"செட்டு வரட்டும், ரெக்கார்டும் வரட்டும். அந்த ஆளு வேணாம்" என்றார்.

"ஏன் சித்தப்பா? ரேணுகாவே அவரத்தான கேட்டுது."

"காலனி ஆளுன்னு சம்பந்தி வீட்ல தெரிஞ்சுபோச்சு. அந்தாளு அப்பன் வாலாஜாபாத் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினவனாம். மணமேடைக்குப் பக்கத்துல அவன உக்கார வச்சா பேச்சு வரும். நீயே உக்காந்து போடு."

"அவர்கிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"எதையாச்சும் சொல்லு. வாய் இல்லையா உனக்கு?"

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சித்தப்பா என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார். கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகம் வாடக்கூடாது என்பது மட்டுமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

அந்தோணி திரும்பி வந்ததும் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "கல்யாணம் நின்னுபோச்சுபா."

கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு நின்றான். "என்னாபா சொல்ற? எதுக்கு?"

"என்னமோ அவங்களுக்குள்ள பேச்சு வந்துடுச்சு."

"ரேணுகா எப்பிடிபா இருக்குது?"

"அழுதுகினு இருக்குது" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வந்துவிட்டது.

அவன் அந்தப் பதினெட்டுத் தட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அதனதன் இடத்தில் வைத்தான். "லில்லிகிட்ட சொல்லி ஜெபம் பண்ணச் சொல்றேன்" என்றான். லில்லி அவன் மனைவி.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போன பிறகு அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்தேன். வரிசை நினைவில்லை. கைக்கு வந்தபடி அடுக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

தாலி கட்டுகிறவரை ஒரு குறையும் இல்லை. நாயனக்காரர்கள் இருந்ததால் எனக்கு வேலை குறைவு. பந்தி ஆரம்பித்து, மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பாட்டுக் கேட்டபோதுதான் சிரமமாகிவிட்டது. இரண்டு பிளேயரைக் கவனிக்க என்னால் ஆகவில்லை. ஒன்றை மட்டும் ஓட்டினேன். மூன்றாவது பாட்டில் ஊசி ஒரே கீறலில் சிக்கிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தது. பந்தலில் சிரித்தார்கள். ஊசியை எடுத்து வைத்தேன். மறுபடி அதே இடம். இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.

எனக்குப் பின்னால் பந்தலைச் சுற்றித் தென்னங்கீற்று மறைப்பு கட்டியிருந்தது. அதற்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

"ஊசிக்கு மேல எட்டணா காசு ஒண்ணு வையுங்க. தாண்டிடும்."

கீற்றை விலக்கிப் பார்த்தேன். அந்தோணி நின்றுகொண்டிருந்தான். மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முழங்கால் வரைக்கும் ஈர மணல். பக்கத்தில் அவன் மகள் பிலோமினா, பன்னிரண்டு வயசுப் பெண், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

லில்லியின் அம்மா வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற ஊர். எனக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்றானதால் குடும்பத்தோடு அங்கே வந்திருக்கிறான். குழாய்ச் சத்தம் மணலைத் தாண்டிப் போயிருக்கிறது. ரேணுகாவுக்கென்று அவன் பொறுக்கி எடுத்த பாட்டு அவனுக்குத் தெரியாமலிருக்குமா? கல்யாணம் எப்படியோ கூடிவந்துவிட்டது, அவசரத்தில் ஆள் அனுப்ப முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி வந்திருக்கிறான். அதைப் பிறகு லில்லி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். சம்பந்தி வீட்டு ஆட்கள் இரண்டு பேர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்ததையும் பார்த்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கல்யாணம் நடந்துடுச்சுங்களா? சந்தோஷம்" என்றான். மகள் தோளில் கை வைத்து அவளைத் திருப்பிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான்.

நான் காசை வைத்தேன். ஊசி தாண்டியது. பாட்டு ஓடியது.

மேடையிலிருந்து ரேணுகா சைகையில் கூப்பிட்டாள். போனேன். "அந்தோணி அண்ணன் வந்துச்சா? குரல் கேட்ட மாதிரி இருந்துது."

"இல்ல, அது வேற யாரோ" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோணி கடைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கடைச் சாவியை வாசலிலிருந்தே எட்டி மேசைமேல் வைத்தான். "மில்லுல ஆள் கேக்கறாங்க. நான் போறேங்க" என்றான். அவன் பெஞ்சுக்கடியில் சேர்த்து வைத்த தட்டுகளை எடுத்துப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

போனவனைத் தேடிப் போக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மில் வாசலில் உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். அவன் புருவத்திலும் மீசையிலும் தவிட்டுத் தூசி. சுற்றிலும் யாரும் இல்லை. இருந்தும் "வாங்க" என்றான்.

"சித்தப்பா அப்பிடி சொல்லிட்டாருபா. நான் என்னா பண்ணட்டும்?"

"அவரு சொன்னது எனக்குப் புதுசு இல்லீங்க. பொறந்ததுலேர்ந்து கேக்கறதுதான். 'இந்த மாதிரி சொல்றாங்கப்பா, நீ வர வேணாம்'னு நீங்க எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, ரெக்கார்ட வரிசையா அடுக்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன்." மீசைத் தூசியைத் தட்டிவிட்டு, "லில்லி மூணு நாளு அந்தப் பொண்ணுக்காக முட்டி போட்டு ஜெபம் பண்ணிச்சுங்க. தெனம் ஒரு வேள சாப்பாடு சாப்புடல. கல்யாணம் நின்னுபோன பொண்ணாச்சேன்னு" என்றான்.

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அன்று அவ்வளவு தூரம் போனேன். அதைச் சொல்லாமலே பஸ் ஏறி வந்தேன்.

அடுத்த திருவிழாவுக்குத் தேதி பேச அம்சா வந்தாள். நடந்தது முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீ நல்லவன்னு நெனச்சிருந்தேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டாள். நான் வேறு ஆள் வைத்துச் செட்டை ஓட்டினேன். "அந்தோணி இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். எழுபத்தைந்தில் தட்டுகளை மொத்தமாக மெட்ராஸ்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல தட்டாக இவ்வளவு ஒரே இடத்தில் பார்த்ததில்லை, யார் பொறுக்கினது என்று கேட்டார். நான் அந்தோணியின் பெயரைச் சொன்னேன். தன்னிடம் வேலைக்கு வருவாரா என்று கேட்டார். வரமாட்டார் என்றேன்.

எழுபத்தொன்பதில் பிலோமினாவுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஆனாலும் போனேன், அவன் மில்லுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து. லில்லி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"செட்டு நான் கொண்டாந்து கட்டறேன்மா. என் தங்கச்சி வீட்டு கல்யாணம் மாதிரி நெனச்சு செய்யறேன்" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "வேணாங்க. பாட்டே போடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. பொண்ணு கேட்டுப் பாத்துச்சு, மாப்ள வீட்லயும் கேட்டாங்க. அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னுட்டாரு." பிறகு, "சாப்பாட்டுக்கு வாங்க. வராதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மாதா கோயிலில் பாதிரியார் மந்திரித்துத் தாலி கட்டி முடிந்து பதினோரு மணிக்குப் பந்தலுக்கு வந்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பந்தலை நான் பார்த்ததில்லை. கரண்டி வாளியில் படுகிற சத்தம் கேட்டது. கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது, அதன் அம்மா அதட்டியது, நாற்காலியை இழுத்தது எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "என்னாபா, ரேடியோ செட்டு கட்டலியா?" என்று கேட்டார். "பொண்ணோட அப்பாதான் ஒரு காலத்துல செட்டு போட்டவரு" என்று அந்த ஆள் சொன்னார். பிலோமினா மணக்கோலத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பந்தலே ஒரு மாதிரி துக்க வீடு போல இருந்தது.

சாதம் போட்டுக்கொண்டே வந்த அந்தோணி என் இலைக்கு முன்னால் நின்றான். இளைத்துப் போயிருந்தான். தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கி, பேசுவதற்கு முன்னால் இருமினான். ஏழு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"மன்னிச்சுடு அந்தோணி."

அவன் காதில் விழுந்தது. கண் ஒரு நொடி என்மேல் நின்றது. கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சோறு ஆறிப்போவுது. சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

மறு வருஷம் கடையை மூடிவிட்டு ஊருக்கே வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். நெல் அரைக்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் வாலாஜாபாத் மில்லுக்குத்தான் போக வேண்டும். போகிறபோது சில நாள் அந்தோணியைப் பார்ப்பேன். "நல்லாருக்கீங்களா? ரேணுகாம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்பான். நல்லாயிருக்கிறோம் என்று சொல்வேன். அவன் என் மூட்டையை இறக்கிவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.