நானூறு மீட்டர் இருந்த பாதை

பொது மைதானத்தின் ஓடுபாதை சுருங்கத் தொடங்கிய ஆண்டில் ஊரின் ஓட்டச் சாதனைகள் அத்தனையும் முறியடிக்கப்பட்டன. நானூறு மீட்டர் என்று கல்வெட்டில் பொறித்திருந்த பாதை, மழைக்காலம் முடிவதற்குள் முந்நூற்று அறுபதுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கோடுகளும் கூடவே நகர்ந்துகொண்டதால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அதே பருவத்தில் அரசு ஆஸ்பத்திரிக் கட்டில்களும் குட்டையாயின. நோயாளிகள்தான் உயரமாகிவிட்டார்கள், எல்லாம் நல்ல சாப்பாட்டின் பலன் என்று சுகாதார அதிகாரி அறிக்கை விட்டார். சாதனைகளுக்குத் தன் பயிற்சிதான் காரணம் என்று விளையாட்டு வாத்தியார் மார்தட்டிக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர் குடிமையியல் டீச்சர் ஒருவர்தான். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு வரிப் பாடம் நடத்துவது அவர் தலையெழுத்து. தடுப்பூசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு யார் தருகிறார்கள் என்றால் அரசாங்கம். அரசாங்கத்துக்கு எங்கிருந்து வருகிறது என்றால், அவங்ககிட்டயே இருக்கும், டீச்சர் என்பார்கள். நீ வாங்குகிற பென்சிலிலும் ஒரு துளி வரி இருக்கிறது, கடைக்காரர் பில் போட்டால்தான் அது போய்ச் சேரும், ஊசியாகவும் மைதானமாகவும் உன்னிடமே திரும்பி வரும் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கி முடித்தால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?

பொறுமை போய், ஒரு நாள் வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் டேப் பிடித்து அளக்க வைத்தார். ஒரு வாரத்துக்கு எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்க வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம் என்றார். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாகிப்போனது. அடுத்த வாரம் அளந்தபோது பாதை நான்கு மீட்டர் நீண்டிருந்தது. இனியாவது ஊருக்குப் புத்தி வரும் என்று டீச்சர் நினைத்தார். மறுநாள் காலையிலேயே பெற்றோர்கள் கூட்டமாகப் பள்ளிக்கு வந்து, எங்கள் பிள்ளைகளின் ரெக்கார்டு போச்சே என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்துங்கள் போதும் என்று தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். பாதை பழையபடி சுருங்கியது.

வீட்டில் இதைவிடக் கூத்து. டீச்சரின் கணவர் மின்விசிறிக் கடை வைத்திருந்தார். பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா என்று, சர்க்கரை போடவா வேண்டாமா என்கிற குரலில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்பார். அவர்களுடைய ஒரே மகள்தான் அந்தப் பாதையின் சாம்பியன். மகளுடைய சாதனைச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். பாதையின் கதையை டீச்சர் எடுத்தாலே, வீட்டுக்குள்ள பாடம் நடத்தாதே என்று எழுந்து போய்விடுவார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோசனம், சொந்த வீட்டு ஆள் ஒருவர் தலையில் ஏறவில்லையே என்று டீச்சருக்கு வயிறு எரிந்தது.

மகள் வெளியூர்ப் போட்டிக்குப் போனாள். அங்கே பாதை முழு நானூறு. முந்நூற்று அறுபதில் ஓட்டம் முடிந்துவிட்டதாக நினைத்த கால்கள் அங்கேயே மடங்கின. விழுந்ததில் எலும்பு முறிந்தது. ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து படுக்கவைத்தபோது கட்டில் அவள் முழங்காலோடு முடிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கால் அந்தரத்தில் தொங்க, அப்பா அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நர்ஸிடம் எகிறினார்.

"எல்லாக் கட்டிலும் இதே அளவுதான் சார். கூட இருக்கிறவங்கதான் பிடிச்சுக்கணும்" என்றார் நர்ஸ், அன்று எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்த குரலில்.

தலைமாட்டில் நின்ற டீச்சர் சொன்னார். "கடைக்குப் போன் பண்ணி, இன்னிக்கு வித்ததுக்கெல்லாம் பில் போடச் சொல்லுங்க. நான் பாடம் நடத்தல. பொண்ணு கால் தொங்குது."

கணவர் ஒரு கையால் போன் செய்தார். கட்டில் ஒரு விரற்கடை நீண்டது.

"இவ்வளவுதானா?"

"ஒரு கடைக்கு இவ்வளவுதாங்க" என்றார் டீச்சர்.

ஜெயித்த சந்தோஷம் டீச்சருக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது. கணவர் தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். கெஞ்சினார், திட்டினார், மகள் கதையைச் சொன்னார். சிலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். சாயங்காலம் மகளின் குதிகால் மெத்தையைத் தொட்டபோதுதான் அவர் கையை எடுத்தார். கை மரத்துப்போயிருந்தது.

ஊர் முழுதாகத் திருந்திவிடவில்லை. பாதை இன்னமும் நீள்கிறது, சுருங்குகிறது. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் விளையாட்டு வாத்தியார் அதை அளந்து, இன்றைய நீளம் இவ்வளவு என்று மைக்கில் அறிவிக்கிறார். கடைசி பெஞ்சுக்காரர்கள் இன்னமும் பரீட்சைக்கு வருமா என்றுதான் கேட்கிறார்கள். கால் தேறிய மகள் மட்டும் முடிவுக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. குறைகிற மீட்டரை ஓடி முடிக்க மைதானத்தை விட்டுத் தெருவில் இறங்கிவிடுகிறாள். அவளுக்காகக் காவலாளி கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறார். மூச்சிரைக்க அவள் கடையைத் தாண்டும்போது அப்பா நிமிர்ந்து பார்ப்பார். பிறகு எதிரே நிற்பவரிடம் எதுவும் கேட்காமல் பில் எழுதுவார்.