கையை அழுத்தினால் நிறுத்துவோம்

ஆபரேஷன் மேசையிலிருந்து தம்பி இறங்கி ஓடிவிட்டான் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அக்கா வராந்தாவில் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். உடை மாற்றும் அறையின் மூலையில், பச்சை அங்கியும் காகிதத் தொப்பியுமாய், சுவரோடு சுவராக ஒட்டி நின்றான் அவன். நாற்பதை நெருங்கும் ஆள், மூச்சிரைக்க அழுதுகொண்டிருந்தான்.

தம்பிக்குப் பிறவியிலிருந்தே எதுவும் மெதுவாகத்தான் புரியும். வாக்கியம் நீண்டால் பாதியில் நழுவிவிடும். ஆனால் ஒருமுறை புரிந்துவிட்டால் கல்லில் வெட்டியதுதான். அவன் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் விரிப்பின் மடிப்பு இம்மி பிசகினாலும் பிரித்துப் போட்டு, "மறுபடி மடிங்க" என்பான். முதலாளிக்கும் அதே கதிதான். அதனால் அங்கே அவன் பெயர் 'மேனேஜர்'; மருத்துவமனையிலும் அதையே சொல்லிவைத்திருந்தான். அந்த மேனேஜரின் கண்ணில் புரை விழுந்துவிட்டது.

அம்மா அப்பா போனபின் அவனுக்கு எல்லாமே அக்காதான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கடையானாலும் வங்கியானாலும் அவனிடம் கேட்கும் கேள்விக்கு இவளே பதில் சொல்லிப் பழகிவிட்டது.

கையுறையைக் கழற்றியபடி கண் டாக்டரம்மா உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்றே அக்கா எதிர்பார்த்தாள். அவரோ ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னாச்சு மேனேஜர்?"

"பயந்துட்டான் டாக்டர். நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லி..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அக்கா, டாக்டர் என்னைத்தானே கேட்டாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம்.

"மூஞ்சிய துணியால மூடுனாங்க. ஏன்னு கேட்டேன். பேசக்கூடாதுன்னாங்க. அதான் ஓடி வந்துட்டேன்" என்றான் தம்பி.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத் தாளை டாக்டரம்மா வாங்கி உரக்கப் படித்தார். "'சிகிச்சைப் பகுதி கிருமி நீக்கப்பட்ட விரிப்பால் மறைக்கப்படும்.'"

"விரிப்பு எனக்குத் தெரியும். அத மெத்தையிலதான் போடுவாங்க" என்றான் தம்பி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே முகம் மாறியது. "இந்தத் தாளை எழுதுனதே நான்தான். படிக்கப் போறது யாருன்னு யோசிக்காமலே எழுதியிருக்கேன். இன்னிக்கு ஆபரேஷன் வேண்டாம். விடுமுறையன்னிக்குச் சும்மா வாங்க மேனேஜர். சேர்ந்து எழுதுவோம்."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். விடுமுறையன்று போனால், ஆபரேஷன் அறையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார் அந்த மனுஷி. முதலில் அவரே மேசையில் படுத்து, முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டார். "கிட்ட வந்து பாருங்க. கண்ணுக்கு மட்டும் ஓட்டை இருக்கு. மூச்சு நல்லா விடலாம்." அடுத்து தம்பி படுத்தான். விளக்கைப் போடச் சொன்னான், அணைக்கச் சொன்னான், மறுபடி போடச் சொன்னான். நர்ஸ் ஒவ்வொன்றையும் படம் பிடித்தாள். எல்லாப் படத்திலும் மேனேஜர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தான்.

எழுதும் வேலை அவ்வளவு லேசில் முடியவில்லை. டாக்டரம்மா எழுதுவார், தம்பி எழுத்துக்கூட்டிப் படிப்பான், "புரியல" என்பான். அவர் முகம் சுளிக்காமல் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"'வலிக்காது'ன்னு போட்டிருக்கீங்க. பொய். சொட்டு மருந்து எரிஞ்சுது" என்றான்.

டாக்டரம்மா அதை அடித்துவிட்டு எழுதினார்: 'மருந்து கொஞ்சம் எரியும். பிறகு சரியாகிவிடும்.'

"ஆபரேஷன் நடக்கும்போது பேசக்கூடாது. அப்ப நான் எப்படிக் கூப்பிடுறது?"

பேனா அந்தரத்தில் நின்றது. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நர்ஸ் உங்க கையைப் பிடிச்சிருப்பாங்க. நீங்க கையை அழுத்தினா நான் நிறுத்திடுவேன்" என்றார்.

"நெசமா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

'கையை அழுத்தினால் நிறுத்துவோம்' என்று அவனே தன் கையால் எழுதினான். எழுத்து கோணல்மாணலாக வந்தது. மாற்றி எழுத வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் அன்று அக்கா வெளியே நிலைகொள்ளாமல் நடந்தாள். உள்ளே நடந்ததை நர்ஸ்தான் பிற்பாடு சிரிப்பும் கண்ணீருமாகச் சொன்னாள். பாதி வேலையில் தம்பி அவள் கையை இறுக்கி அழுத்தியிருக்கிறான். "டாக்டர்!" என்றிருக்கிறாள் அவள். டாக்டரம்மாவின் கை சட்டென்று நின்றுவிட்டது.

"நிறுத்திட்டேன். என்ன மேனேஜர்?"

"ஒண்ணுமில்ல. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பாத்தாச்சா? தொடரட்டுமா?"

"ம். செய்யுங்க."

அதற்கப்புறம் முடியும்வரை அவன் அசையவேயில்லையாம்.

படம் போட்ட அந்தச் சின்னப் புத்தகம் மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு வந்தது. மெதுவாகப் புரிந்துகொள்கிறவர்களுக்கென்றுதான் அச்சடித்தார்கள். ஆனால் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவர், தனக்குக் கொடுத்த பழைய விளக்கத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த மாப்பிள்ளை படம் போட்டது இருக்கே, அதைக் கொடுங்கம்மா" என்று கேட்டு வாங்கிப்போனார். பார்வை இல்லாதவர்கள் கேட்பதற்காக நர்ஸ் அதைத் தன் குரலில் பதிவு செய்தாள். காது கேளாத தையல்கார அம்மா ஒருத்தி, அதையே சைகைமொழியில் சொல்லிக் காணொளியாக்கிக் கொடுத்தாள். பல் பிரிவு, எலும்புப் பிரிவு என்று ஒவ்வொருவராக, எங்களுக்கும் வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

அந்தப் புத்தகங்களைச் சேர்ந்து எழுத ஒரு கூட்டம் போட்டார்கள். தையல்கார அம்மா, வெள்ளைக்கோலோடு வந்த பார்வையற்ற ஒரு வக்கீல், டாக்டரம்மா, அவர்களோடு தம்பி. அக்கா வேனை வாசலில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல அவனோடு இறங்கினாள்.

"நீ எங்க வர்ற?" என்றான் தம்பி.

"கூட வரலைன்னா நீ..."

"நான் பாத்துக்கறேன். எனக்கு வேலை இருக்குக்கா. நீ போ."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு படியேறிப் போனான். உள்ளே யாரோ, "வாங்க மேனேஜர், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்பது அவள் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, பள்ளிக்கூடம் விடுகிற நேரமாயிற்றே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினாள்.