ஆமை சலூன்

ஸ்கூபா கடையின் முன்னறையில் ஒரு மேசை, நூலில் கட்டிய பேனா, ஒரு படிவம். கடலுக்குள் இறங்க வருகிற எவரும் முதலில் பத்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதிவிட்டால் போதும், டாக்டரிடம் கடிதம் வாங்கி வரும்வரை தண்ணீரில் கால் வைக்க விடமாட்டார்கள். அதனால் கோடு இழுத்தமாதிரி பத்துக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டுப் படகுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

இவள் அப்படி அல்ல. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் எழுதுவாள். பதினோரு வருடமாகத் தன் படிவத்தோடு கணவருடையதையும் அவளேதான் எழுதினாள். இன்று ஒரே படிவம். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. மூச்சு வாங்குவதுண்டா என்பது ஏழாவது கேள்வி.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருவது போதாதென்று லீவிலும் அதையே செய்கிறான் என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள். கடலுக்கடியில் சிலிண்டர் காற்றைக் காலி செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுடையதில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும்போதே அவருடையது கரைந்துவிடும். ஜோடியாக இறங்குகிறவர்களில் யாருக்குக் காற்று குறைந்தாலும் இருவரும் திரும்ப வேண்டும், அதுதான் சட்டம். கூட்டிப்போகிற வழிகாட்டி அவருக்குக் ‘காத்து முழுங்கி’ என்றே பெயர் வைத்துவிட்டான். அதற்கு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

பவளப்பாறைகள் முடிகிற இடத்தில் ஒரு பெரிய மேடு இருக்கிறது. அங்கே ஆமைகள் வந்து அசையாமல் நிற்கும்; குட்டி மீன்கள் முதுகுப் பாசியைக் கொத்திச் சுத்தம் செய்யும். ‘ஆமை சலூன்’ என்பான் வழிகாட்டி. பார்த்துவிட்டு வந்தவர்கள் படகில் டீ குடித்துக்கொண்டே அளக்கும்போது இவளுக்கு வயிறு எரியும். பதினோரு வருடமாக, ஒவ்வொரு தடவையும், பாதி வழியில் இருக்கும் உருண்டைப் பாறையோடு திரும்பியவள் அவள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்குப் பெரிய சிலிண்டர் தருவதாக வழிகாட்டி சொல்லியிருந்தான். இந்தத் தடவை ஆமை நிச்சயம் என்று குதித்துக்கொண்டு வந்தாள். இதே மேசை. வெளியே படகின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“மாடி ஏறும்போது கொஞ்சம் இளைக்குது. ஏழாவதுக்கு ஆமாம்னு போட்டுடலாமா?”

“போட்டா லெட்டர் கேப்பாங்க. லீவே நாலு நாள்தான். வயசானா எல்லாருக்கும் இளைக்கத்தான் செய்யும்.”

“சரிம்மா” என்றார் அவர். அவள் ‘இல்லை’ என்று அழகாக எழுதினாள்.

அன்று பெரிய சிலிண்டரும் உருண்டைப் பாறைக்குமேல் தாங்கவில்லை. படகே சிரித்தது. அவள் சாயங்காலம்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து மாதம் கழித்து, நுரையீரல் இறுகிப்போய்விட்டது, ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம்தான் இருந்தார். கடைசிவரை அந்தப் படிவத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். கூடப்பிறந்த அக்காவிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை. இங்கேயாவது சொல்லித் தொலைக்கலாம் என்றுதான் வந்திருந்தாள்.

இன்றைய படிவத்தை எழுதி முடித்தாள். படகில் போகும்போது வழிகாட்டியிடம் சொல்ல வாயெடுத்தவள், முகமூடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவனோடு இறங்கினாள்.

கீழே போனதும் உடம்பின் கனமெல்லாம் கழன்றது. கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற கறுக்முறுக் சத்தம் கேட்டது. ஒரு பொந்திலிருந்து ஆக்டோபஸ் எட்டிப் பார்த்து, அவளைக் கண்டதும் பழுப்பிலிருந்து வெளுத்தது. உருண்டைப் பாறை வந்ததும் அவள் கை தானாகப் பக்கத்தில் நீண்டது, அவருடைய காற்று எவ்வளவு என்று கேட்க. பக்கத்தில் வெறும் தண்ணீர். வழிகாட்டி முன்னே கையைக் காட்டினான். அவள் போனாள்.

மேட்டில் ஐந்து ஆமைகள் நின்றன. மூத்தது, சாப்பாட்டு மேசை அளவு இருக்கும், கழுத்தை நீட்டிக் கண்ணைச் செருகி, அக்குளையும் கவனி என்பதுபோல் துடுப்பைத் தூக்கிக் கொடுத்தது. மீன்கள் மொய்த்துக்கொண்டு வேலை பார்த்தன. பின்னால் ஒரு குட்டி ஆமை பொறுமை இழந்து இடித்துக்கொண்டு நுழைந்தது. அவள் சிரித்துவிட்டாள், முகமூடிக்குள் தண்ணீர் ஏறியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனசு நிறையச் சந்தோஷமாக இருந்தது. காற்றுமானியைப் பார்த்தாள். இன்னும் பாதி இருந்தது.

படகில் ஏறியதும் வழிகாட்டி அவள் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றினான்.

“பாத்தீங்களா அண்ணி? அண்ணன் இருந்திருந்தா...”

“அந்த வருஷம் அவருக்கு மூச்சு வாங்குச்சு. ஃபார்ம்ல நான்தான் இல்லைன்னு போட்டேன்.”

அவன் சிலிண்டரை ஓரமாக வைத்தான். பிறகு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டான்.

“அதை யாரு அண்ணி வாசிக்கிறா? எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இல்லைன்னு போடறதுதானே. விடுங்க.”

எவ்வளவு சுலபமான வழி. தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“நான் வாசிச்சேன்” என்றாள். “அவர் வாய்விட்டும் கேட்டாரு. எனக்கு ஆமை பாக்கணும், அதான் இல்லைன்னு போட்டேன்.”

 இன்ஜினைக் கிளப்பப் போன வழிகாட்டி கிளப்பாமலே உட்கார்ந்தான்.

“ஆமை சலூன் எப்படித்தான் இருந்துச்சு அண்ணி?” என்று கடைசியில் கேட்டான், வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா” என்றாள் அவள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.