நாலாவது துணித்துண்டு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் மக்பூல் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். எண்பத்தாறாம் வருஷம் என் தங்கை ரஹமத்துன்னிசாவின் கல்யாணத்தைக் காப்பாற்றியது இந்த வாய்தான்.

அவளுக்கு வெயில் ஆகாது. நிச்சயத்தன்று பட்டும் நகையுமாக வேர்த்து மயங்கி விழுந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை அஜ்மத் பேகம், நாங்கள் கூப்பிடுவது பூபி, விசிறிக்கொண்டே, "பொண்ணுக்கு ஒடம்புல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மாப்பிள்ளையின் ஊரான ஆம்பூர் முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் காதுக்கே திரும்பி வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் சம்பந்தம் அறுந்துவிடும். நிக்காஹோ ஆம்பூரில், அக்னி நட்சத்திரத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு.

மக்பூலிடம் ஏசி வைத்த அம்பாசடர் டாக்சி இருந்தது. எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காக மெட்ராஸில் வாங்கியது. "என் மச்சினி ஜில்லுனு போய் எறங்குவா" என்று பீற்றிக்கொண்டார். பீற்றி ஒரு வாரம் ஆகவில்லை, ஏசியின் கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது. யா அல்லா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

மக்பூல் மெட்ராஸ் போய் ஒரு பழைய கம்ப்ரசரும் ஏசிக்குள் ஏற்ற ஒரே ஒரு டின் கேஸும் கொண்டுவந்தார். அதை மாட்டத் தெரிந்தவர் ஊரில் யாருமில்லை. கடைசியில் பக்கத்து வேங்கிக்காலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் கோதண்டராமன் அண்ணன் வந்தார்.

"ஃபிரிட்ஜ் என்னா, கார் என்னா? ரெண்டும் குளிருதானே தங்கச்சி!"

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் பானெட்டைத் திறந்தார்கள். பெல்ட்டைக் கழற்றி, இரண்டு குழாய்களையும் பிரித்ததும் அண்ணன் கத்தினார்.

"உள்ள தூசி போனா அவ்ளோதான். அடைக்கத் துணி குடும்மா!"

குழாய்களுக்கு இரண்டு, வந்த கம்ப்ரசரின் ஓட்டைகளுக்கு இரண்டு. நான் தையல்காரி. கல்யாண ரவிக்கையில் மீந்த பச்சை சாட்டினை நாலாக நறுக்கிக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. மோட்டார் வைத்து உள்ளே இருந்த காற்றையும் உறிஞ்சி எடுத்தார்கள். இனி கேஸ் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சும்மா இருக்காமல் தரையில் கிடந்த துணிகளைப் பொறுக்கினேன். மூன்றுதான் இருந்தன.

"நாலாவது எங்க?"

"காத்துல பறந்திருக்கும்" என்றார் மக்பூல்.

"எல அசையல, எந்தக் காத்து? குழாய்க்குள்ளயே மாட்டியிருந்தா குளிரே வராது. மறுபடி கழட்டுங்க."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அரை நாள் வேலைம்மா! இருவது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். எங்கிட்டயே..."

"கேஸ் ஏத்தினப்புறம் கழட்டினா?"

"கேஸ் பூடும்."

"இன்னொரு டின் இருக்கா?"

அண்ணன் டின்னை எடுக்கக் குனிந்தார். டின்னைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் மக்பூல்.

"ஆமாங்க. நாளைக்கு அவ விழுந்தா அவளைச் சொல்லுவாங்க. இன்னிக்கு என்னைச் சொல்லிட்டுப் போங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுவதுபோல ஒரு அவமானம் வேறு கிடையாது. மக்பூல் ஸ்பேனரை எடுத்தார்.

முதல் குழாயில் ஒன்றுமில்லை. அண்ணன் தொண்டையைக் கனைத்தார். இரண்டாவது குழாயில், விரல் எட்டாத ஆழத்தில், பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. வளைத்த கம்பியால் அதை இழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "டீ இருக்காம்மா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகவே.

மறுநாள் காரில் போளூர் தாண்டும்போதே, "அக்கா, குளுருதுக்கா" என்றாள் மணப்பெண். வாயை மூடிக்கொண்டு வா என்றேன். ஆம்பூரில் பூபியே வந்து கார் கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்தார். முகம் சுருங்கியது.

"கை சில்லுனு இருக்கே. நடுங்கறாளே! பொண்ணுக்கு ஒடம்புல ஏதாவது..."

எனக்கு வந்ததே ஆத்திரம்! தங்கையை இறக்கிவிட்டு, பூபியின் தோளைப் பிடித்து உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். முதலில் முழித்தார். பிறகு மெதுவாக முக்காட்டை விலக்கி, ஏசிக்கு நேராக முகத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

நிக்காஹ் முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து மறுபடி ஏறிக்கொண்டார். மணமக்களை வீட்டுக்கு அழைத்துப்போக நான் கதவைத் திறந்தேன். அவர் அசையவில்லை.

"வீடு ரெண்டு தெரு தள்ளிதானே? பொண்ணு நல்லா திடமாத்தான் இருக்கா. நடந்து வரட்டும்" என்றார்.